கடலோரத்துப் பழைய படகை மலையேற்றும் முன் எடை போடுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடைக்கானல் ஏரியை 1863-இல் உருவாக்கிய லெவிஞ்ச், அதில் விடுவதற்கான முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்துதான் வரவழைத்தார். இன்றைக்கும் மலையில் யாருக்காவது மலிவாகப் படகு வேண்டுமென்றால் தூத்துக்குடி, ராமேஸ்வரம், நாகப்பட்டினம் பக்கம்தான் ஆள் போகிறது. கோடை சீசன் நெருங்கும்போது, மேல்மலை விடுதிக் குளங்களுக்கும் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துத் தோட்டங்களின் பண்ணைக் குட்டைகளுக்கும் இப்படிப் பழைய படகுகள் லாரி ஏறி வருகின்றன. நீலகிரியிலும் இதே கதைதான். புதுப் படகு வாங்க வசதி இல்லாதவர் பழையதை வாங்குவதில் தப்பே இல்லை. ஒழுங்காகப் பராமரித்த பைபர் உடல் பல வருஷம் உழைக்கும். கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த படகைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பெயின்ட் நன்றாக இருக்கிறது" என்று அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்களே, அங்கேதான் வினை தொடங்குகிறது. வாங்க நினைப்பவர்களைக் கேட்டுக்கொள்வது இதுதான்: எடை பார்க்காமலும், ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு வைத்துப் பார்க்காமலும் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள். ஏன் என்பதை விவரமாக எழுதுகிறேன்; தயவுசெய்து வெளியிடுங்கள்.

பைபர் படகுகளில், முக்கியமாகப் பெடல் படகுகளில், வெளித் தோலுக்கும் உள் தோலுக்கும் நடுவே நுரை அடைத்திருப்பார்கள். படகுக்குள் தண்ணீர் ஏறினாலும் அடியில் போகாமல் தாங்கிப் பிடிப்பது அந்த நுரைதான். 100 லிட்டர் இடத்தை அடைத்திருக்கும் காய்ந்த நுரை ஏறக்குறைய 97 கிலோவைத் தூக்கும். சீட்டுக்காகப் போட்ட ஸ்க்ரூ துளை, விளிம்பு விரிசல், தண்ணீர் வடிக்கும் டிரெயின் பிளக்கின் ஓரம் என்று எங்காவது ஒரு வழியில் வருஷக்கணக்காகக் கசிந்த தண்ணீர் நுரைக்குள் போய் உட்கார்ந்துவிட்டால், பிறகு வெளியே வராது. ஒரு மாதம் வெயிலில் கிடத்தினாலும் வராது. கண்ணுக்கும் தெரியாது. எடை ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும். தயாரித்தவர் பதித்த தகட்டில் 120 கிலோ என்று இருந்து, தராசு 165 காட்டினால், 45 லிட்டர் தண்ணீர் உள்ளே குடியிருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சுமையை அந்தப் படகு ஒவ்வொரு சவாரியிலும் இழுத்துக்கொண்டு போகிறது. ஆபத்து நேரத்தில் 45 கிலோவைத் தூக்க வேண்டிய நுரையும் கைவிட்டுவிடுகிறது. தகடு இல்லையென்றால், அதே அளவு, அதே அச்சில் செய்த புதுப் படகின் எடையைத் தயாரிப்பாளரிடம் போனில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். லாரி எடை மேடையை நம்பாதீர்கள். அது 5 கிலோ, 10 கிலோ கணக்கில்தான் காட்டும். பழைய இரும்புக் கடையில் இருக்கும் எடை மெஷின் சின்னப் படகுக்குப் போதும்.

எடை கூடுதலாகத் தெரிந்தால், விற்பவரிடம் சொல்லிவிட்டு, சீட்டுப் பெட்டியின் தாழ்வான மூலையில் 6 மி.மீ. பிட்டால் ஒரு துளை போடுங்கள். பிட்டோடு சுற்றிக்கொண்டு வரும் நுரைத் தூளை இரண்டு விரலால் நசுக்கிப் பாருங்கள். மாவு போல உதிர்ந்தால் நல்லது. ஈரம் பிசுபிசுத்தால் வாங்கவே வேண்டாம். நுரையை மாற்றுவதென்றால் மேல் தோலை அறுத்து எடுத்து, உள்ளே சுரண்டி, புது நுரை ஊற்றி, திரும்ப மூட வேண்டும். மலிவு விலைப் படகில் அந்தச் செலவு கட்டுப்படியாகாது. போட்ட துளையை எபாக்சிப் பசை வைத்து அடைத்துக் கொடுத்துவிடுங்கள். துளை போட விடாதவரிடம் வாங்காமல் வருவதே மேல்.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தின் விளிம்பால், கை அகலத்துக்கு ஒரு தட்டு என்று படகின் முன்முனையான அணியத்திலிருந்து பின்பக்கம் வரை தட்டிக்கொண்டே போங்கள். பைபர் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் "டிங்" என்று கூர்மையாக ஒலிக்கும். அடுக்கு பிரிந்திருக்கும் இடத்தில் தேங்காய் மூடியைத் தட்டியது போல் "டொக்" என்று அமுங்கிக் கேட்கும். அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். முடிந்ததும் நாலடி தள்ளி நின்று பார்த்தால் படகின் ஜாதகமே வட்டங்களாகத் தெரியும். உள்ளங்கை அளவு வட்டம் ஒன்றிரண்டு என்றால் பழுது பார்த்துவிடலாம். அடிப்பக்க நடுத்தண்டு நெடுக வட்டம் வந்தால் விட்டுவிடுங்கள். படகு முழுக்கப் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் சீட்டுக்கு அடியிலும் பெட்டி மூடிக்கு உள்ளேயும் டார்ச் அடித்துப் பாருங்கள். பிரஷ் போகாத இடத்தில்தான் படகின் உண்மையான வயது தெரியும். எம்-சீல் உருண்டைகள் அப்பியிருந்தால் அது பழுது பார்த்ததில் சேராது; விற்கும் நாள் வரை ஒழுகாமல் இருக்க வைத்த அடைப்பு அது.

கடல் தண்ணீரில் பத்து வருஷம் தாக்குப்பிடித்த படகு நம் ஊர் நல்ல தண்ணீரில் இன்னும் நன்றாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. மரப் படகை எடுத்துக்கொள்ளுங்கள். உப்பு மரத்துக்கு ஒரு வகையில் பாதுகாப்பு. மரத்தை அழுகவைக்கும் பூஞ்சை உப்பேறிய பலகையில் எளிதில் பிடிக்காது. மழைத் தண்ணீரும் குளத்துத் தண்ணீரும் நின்ற பலகையில் சீக்கிரம் பிடிக்கும். எங்கள் மலையில் ஜூன் தொடங்கி டிசம்பர் வரை மூடுபனியும் தூறலுமாகப் பலகை காய்வதற்கே வழி இல்லை. பைபரிலும் இதே நிலைதான். மேல் பூச்சைத் தாண்டி உள்ளே போகும் ஈரம், பைபர் இழைகளை ஒட்டிப் பிடிக்கும் ரெசின் பிசினில் கரையக்கூடியதையெல்லாம் கரைத்துக் கெட்டியான நீராக மாறுகிறது. பிறகு பள்ளிக்கூடத்தில் படித்த சவ்வூடு பரவல்தான்: வெளித் தண்ணீர் எவ்வளவு உப்பில்லாமல் இருக்கிறதோ அவ்வளவு வேகமாக உள்ளே இழுக்கப்படும். அதனால் கொப்புளம் கடலைவிட ஏரியில் சீக்கிரம் கிளம்பும். அடிப்பக்கத்தில் பட்டாணி அளவு கொப்புளம் இருந்தால் ஒன்றை ஊசியால் குத்துங்கள். வினிகர் போலப் புளித்த வாடையோடு பிசுக்கு நீர் வந்தால் அது பெயின்ட் கொப்புளம் இல்லை, உடலுக்குள் இருக்கும் வியாதி. நாலைந்து என்றால் சுரண்டி, நன்றாகக் காயவைத்து, எபாக்சி பூசலாம். அடிப்பக்கம் முழுக்க அம்மை போட்டது போல் இருந்தால் வேண்டாம்.

மரப் படகில் கூர்மையான ஸ்க்ரூ டிரைவர் ஒன்று போதும். அடிப்பக்க நடுத்தண்டான ஏராக்கட்டையும் முதல் பலகையும் சேரும் இடம், பின்பலகையின் அடி மூலை, உள்ளே மழைநீர் தேங்கும் குழி ஆகிய இடங்களில் அழுத்துங்கள். நல்ல தேக்கிலும் ஆயினியிலும் நுனி மட்டும்தான் பதியும். அரை அங்குலம் இறங்கினால் அந்தப் பலகை போய்விட்டது. ஆணியைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருந்தால் இரும்பாணி துருப்பிடித்து மரத்தையும் தின்றுவிட்டது என்று புரிந்துகொள்ளுங்கள். செம்பாணி அடித்த படகுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம். வெயிலில் கிடந்து இடைவெளி விட்ட படகைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் அந்த இடைவெளியில் புட்டிப் பசையை இறுக்கி அடைத்துவிடாதீர்கள். தண்ணீரில் இறக்கியதும் பலகை ஊதும். ஊத இடமில்லாமல் படகின் விலா எலும்பு போன்ற வங்குகளை நெம்பி ஆணியைப் பிடுங்கிவிடும். முதலில் இரண்டு மூன்று நாள் ஆழமில்லாத தண்ணீரில் போட்டு ஊறவிடுங்கள். தானாக மூடாத இடத்துக்கு மட்டும் பருத்தி நூலை மெல்ல அடித்து, குங்கிலியம் காய்ச்சிய எண்ணெயால் கலப்பத்துப் பார்த்தால், அதாவது இடுக்கை அடைத்தால், போதும்.

இனி பழுது பார்ப்பது. மலையில் அதிகம் பணம் விரயமாவது இதில்தான். பைபர் வேலைக்குப் பயன்படும் பாலியெஸ்டர் ரெசின் 20 டிகிரிக்கு மேல் நன்றாக இறுகும். 15 டிகிரிக்குக் கீழே இறுகுவது தடுமாறும். மேலே காய்ந்தது போல் இருந்தாலும் உள்ளே ரப்பர் போலக் கிடக்கும். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் டிசம்பர், ஜனவரி இரவுகளில் 10 டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். பகலிலும் பனி இறங்கினால், ரெசினோடு சேர்த்து ஒட்டும் கண்ணாடி இழைப் பாயில் ஈரம் பிடித்துவிடும். குளிரைச் சமாளிக்க, ரெசினை இறுகவைக்கும் ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றுகிறார்கள். அது தவறு. ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லி வரைதான் கணக்கு. அதற்கு மேல் போனால் ரெசின் நொறுங்கும் தன்மையோடு இறுகும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஹார்டனரையும், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் ஒரே பாத்திரத்தில் நேராகக் கலக்கவே கூடாது; தீப்பிடித்து வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் ஹார்டனர். கடையில் வாங்கும் ரெசினில் கோபால்ட் ஏற்கெனவே கலந்திருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே கண்டுபிடித்த பழுதையெல்லாம் அடிவாரத்திலேயே, வத்தலக்குண்டிலோ பெரியகுளத்திலோ மேட்டுப்பாளையத்திலோ முடித்துவிட்டுப் படகை ஏற்றுங்கள். மலையிலேயே செய்தாக வேண்டுமென்றால் ஏப்ரல், மே மாதத்தில், கூரைக்கு அடியில், காலை 11 மணிக்குத் தொடங்கி 2 மணிக்குள் முடித்து, இரவில் ஹாலஜன் விளக்கைத் தள்ளி வைத்துச் சூடு காட்டுங்கள். ரெசினுக்குப் பக்கத்தில் நெருப்பு வேண்டாம். ஓட்டையின் மேல் பாயை ஒட்டிவிட்டால் ஆயிற்று என்பது நிற்காது. உடல் 5 மி.மீ. கனம் என்றால், ஓட்டையைச் சுற்றி 60 மி.மீ. அகலத்துக்குச் சரிவாக அரைக்க வேண்டும். அதாவது கனத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு. அசிட்டோனால் துடைத்து, சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள பாயை ஐந்து அடுக்கு, சின்னதிலிருந்து பெரியது வரை, ஒவ்வொன்றிலும் காற்றுக் குமிழை ரோலரால் விரட்டி ஒட்ட வேண்டும். ஒரு கிலோ பாய்க்கு இரண்டு முதல் இரண்டரை கிலோ ரெசின் பிடிக்கும். சரிவு எடுக்காமல் மேலே ஒட்டிய ஒட்டு, கரையில் ஒருமுறை இடித்தால் தோசை போல உரிந்து வரும்.

பெடல் படகில் உடலுக்கு அடுத்து பார்க்க வேண்டியது துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட். துடுப்புச் சக்கரத்தைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். 3 மி.மீ.க்கு மேல் ஆடினால் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. அது சின்ன செலவுதான். ஷாஃப்ட் சாதாரண இரும்பாக இருந்து துரு செதில் செதிலாக வந்தால் 304 ஸ்டெயின்லெஸ் ஷாஃப்டாகக் கடைசல் பட்டறையில் செய்துகொள்ளுங்கள். ஷாஃப்ட் நுழையும் துளை நீர்மட்டத்துக்குக் கொஞ்சம்தான் மேலே இருக்கும். நுரையில் தண்ணீர் ஏறிய படகில் ஆள் ஏறியதும் அந்தத் துளை நீருக்குள் போய்விடும். அங்கிருந்து ஒழுக ஆரம்பிக்கும். ஒழுகுகிறதே என்று புஷ்ஷை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். காரணம் எடையில் இருக்கிறது.

இன்ஜின் வைத்த படகு பற்றி: கொடை ஏரியில் சுற்றுலாவுக்கு ஓடுவது துடுப்பும் பெடலும்தான். தனியார் குளத்துக்கும் பெரும்பாலும் அதுவே போதும். அவசரப் படகுக்காக, பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு இன்ஜின் வாங்குவதானால், உயரத்தை மறக்காதீர்கள். 300 மீட்டர் ஏறினால் சுமார் 3 சதவீதம் சக்தி குறையும். 2,100 மீட்டரில் 10 குதிரைச் சக்தி 8 ஆகிவிடும். கார்புரேட்டர் கடல் மட்டத்துக்கு வைத்தபடியே இருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போய் பிளக் கரி பிடிக்கும். பெட்ரோல் போகும் துளையான மெயின் ஜெட்டைச் சின்னதாக மாற்றி, பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) குறைந்த புரொப்பல்லர் போட வேண்டும். கடற்கரையில் பார்க்கும்போது: சிலிண்டர்களுக்குள் கம்ப்ரெஷன் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், கியர் ஆயிலைத் திறந்தால் பால் போல வெளுத்திருக்கக் கூடாது, ஓடும்போது பக்கவாட்டில் தண்ணீர் விசையோடு பீச்ச வேண்டும். கடைசியாக, இன்ஜினின் காலைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்து, பின்பலகையைப் பாருங்கள். பைபருக்குள் இருக்கும் பிளைவுட் அழுகியிருந்தால் பலகை அட்டை போல வளையும். போல்ட் துளையில் பழுப்புக் கறை வழிந்திருக்கும். பின்பலகை போன படகுக்குச் செலவு, படகின் விலைக்கே வந்துவிடும். பேட்டரி மோட்டாருக்கு உயரம் ஒரு பொருட்டில்லை. ஆனால் 12 வோல்ட், 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) லெட் ஆசிட் பேட்டரியில் முழு வேகம் என்றால் ஒரு மணி நேரம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் அதிலும் குறையும்.

எத்தனை பேர் ஏறலாம் என்பதில் விற்பவர் வாய்க்கு வந்ததைச் சொல்வார். நீளத்தையும் அகலத்தையும் அடிக் கணக்கில் அளந்து, பெருக்கி, 15-ஆல் வகுங்கள். 12 அடி நீளம், நாலரை அடி அகலம் என்றால் 54; வகுத்தால் 3.6. மூன்று பேர். நான்கு என்று ஏற்றிக் கணக்குப் போடாதீர்கள். அத்தோடு, ஆள் ஏற்றுவதற்கு முன் 20 லிட்டர் தண்ணீர் கேன்களை வைத்துப் பாருங்கள். ஆளுக்கு 75 கிலோ என்று நான்கு பேர் படகுக்கு 15 கேன். தரையில் வைக்கக் கூடாது. மனிதர் உட்காரும் உயரத்தில், சீட்டின் மேல் வைக்க வேண்டும். பிறகு பத்துக் கேன்களை ஒரே பக்கம் நகர்த்துங்கள். மனிதர்களும் அப்படித்தான் போட்டோ எடுக்க ஒரே பக்கம் சாய்வார்கள். விளிம்பைத் தாண்டித் தண்ணீர் வந்தால் அது மூன்று பேர் படகு, அல்லது இரண்டு பேர் படகு. மணல் மூட்டையைவிடக் கேன் நல்லது. கவிழ்ந்தாலும் அடியில் போகாது. 2009 செப்டம்பர் 30-இல் தேக்கடியில் 45 உயிர்களைக் குடித்த படகு, ஆட்கள் ஒரு பக்கம் சேர்ந்தபோதுதான் சாய்ந்தது. 2023 மே 7-இல் கேரளத்தின் தானூரில் 22 பேர் இறந்தது, மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி ஓட்டியதில். கடலோரத்தில் மலிவாகக் கிடைக்கும் வள்ளத்துக்கு மேல்தட்டும் கூரையும் போட்டு ஆள் ஏற்றலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்த இரண்டு தேதிகளையும் அவரிடம் சொல்லுங்கள். மீன்பிடிப் படகின் கனம் அடியில் மீனும் வலையும் கிடக்கும்போது சரியாக இருக்கும்படி செய்தது. மேலே ஆள் ஏறினால் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். கூரை போட்டால் ஆடிக் காற்றையும் அது பிடிக்கும்.

லைஃப் ஜாக்கெட்டைப் படகோடு சேர்த்து இலவசமாகக் கொடுத்தால் வாங்கி மூலையில் வையுங்கள், ஆளுக்கு மாட்டாதீர்கள். பழைய ஜாக்கெட்டின் நுரை அமுங்கிப்போயிருக்கும். பெரியவர் ஜாக்கெட்டில் 10 கிலோ இரும்பு எடைக்கல்லைக் கட்டித் தண்ணீர்த் தொட்டியில் ஒரு நாள் முழுக்க விட்டுப் பாருங்கள். மிதந்தால் வைத்துக்கொள்ளலாம். குழந்தைகளுக்குத் தொடை வழியாக வரும் பட்டை உள்ளது தனியாக வேண்டும். இல்லையென்றால் ஜாக்கெட் மேலே கழன்று குழந்தை அடியில் போய்விடும். நம் மலைத் தண்ணீரின் குளிரில் விழுந்த நொடியே மூச்சு வாங்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் சில நிமிடங்களில் விரல் பிடிமானம் போய்விடும். கரையிலிருந்து இருபதடிதானே என்று ஜாக்கெட் இல்லாமல் ஏற்றாதீர்கள்.

ஏற்றி வரும் வழியிலும் படகு உடைகிறது. 14 அடிப் படகைப் பிக்கப்பில் வைத்து, பின்னால் பாதி தொங்கவிட்டு வந்தால், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் வழியில் கல்லாறுக்கு மேலே இருக்கும் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றிலாவது எதிர் வண்டியிலோ பாறையிலோ இடிக்கும். உடல் முழுக்கத் தாங்கும் வண்டியில், பழைய டயரும் வைக்கோலும் பரப்பி வையுங்கள். பெல்ட் விளிம்பில் அழுந்தும் இடத்தில் டியூப் துண்டு வேண்டும். டிரெயின் பிளக்கைக் கழற்றிவிட்டு வாருங்கள். வழியில் மழை பெய்தால் உள்ளே தேங்கும் தண்ணீரின் கனமே உடலைப் பிளக்கும். கடல் படகின் அடியில் சிவப்பு நிறத்தில் பாசி தடுப்புப் பெயின்ட் இருந்தால், மீன் வளர்க்கும் குட்டையில் அப்படியே இறக்காதீர்கள். அந்தச் செம்பு மீனுக்கு ஆகாது. ஈரம் வைத்து, முகமூடி போட்டுச் சுரண்டி எடுங்கள். பிளாஸ்டிக் ஷீட் விரித்த குட்டையென்றால் ஏராக்கட்டை உள்ள படகு வேண்டவே வேண்டாம். கரை இறங்கும் இடத்தில் ஒரே சீசனில் ஷீட் கிழிந்துவிடும். அங்கே பைபர் பரிசல்தான் பொருத்தம்.

காகிதம் பற்றிச் சுருக்கமாக. கடல் மீன்பிடிப் படகு மீன்வளத் துறையில் பதிவாகியிருக்கும். அந்தப் பதிவை விற்பவர் ரத்து செய்த காகிதத்தைக் கையில் வாங்குங்கள். இன்ஜின் எண்ணை ரசீதோடு ஒப்பிடுங்கள். மானியத்தில் வாங்கிய இன்ஜின் என்றால் விற்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். 2021-ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி இன்ஜின் வைத்த படகுக்குத் தகுதிச் சான்றும் பதிவும் வேண்டும். இன்ஜின் இல்லாத படகுகளையும் அந்தச் சட்டம் உள்ளாட்சியின் பார்வைக்குள் கொண்டுவந்திருக்கிறது.

இந்த இடத்தில் கொடைக்கானல், உதகை நகராட்சிகளுக்கும் சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கும் உங்கள் பத்திரிகை வழியாக ஒரு கோரிக்கை. சீசனுக்கு முன், மார்ச் கடைசியில் ஒரு நாள், தனியார் படகு வைத்திருப்பவர்கள் எல்லோரும் படகைக் கொண்டுவரும்படி அறிவித்து, மீன்வளத் துறை அலுவலர் ஒருவர் முன்னிலையில் சோதனை வைக்கலாம். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒரு எடை மெஷின், தண்ணீர் நிரப்பிய 15 கேன், ஒரு டேப், தண்ணீர்த் தொட்டி ஒன்று, 10 கிலோ எடைக்கல் ஒன்று. தேறிய படகின் இரண்டு பக்கத்திலும் எத்தனை பேர் என்பதைத் தமிழில், அரை அடி உயர எழுத்தில், அன்றைக்கே பெயின்டால் எழுதிவிட வேண்டும்.

இப்படிக்கு,
படகு பழுதுபார்ப்பவர்,
நாயுடுபுரம், கொடைக்கானல்.